தமிழ் படித்தவர் ஊரை எழுதும்போது

(மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே ஊர் வரலாறும் எழுதி, நாவலும் எழுதியது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். வேறு ஊரில் கேட்டிருந்தால் வேறு இடத்தில் தொடங்கியிருப்பேன். இங்கே 1948இல்தான் தொடங்க வேண்டும். உலக வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊரின் பெயர் பெரும்பாலும் ஒரு நாளுக்காகத்தான் வருகிறது. 1948 ஜூன் 16. எல்பில் ரப்பர் தோட்டத்தில் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் இருவர் என மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்குவதற்கான அவசரகாலம் நாடு முழுவதற்கும் வந்தது. 1960 வரை நீடித்தது.

அந்த மூவரின் பெயரும் பதவியும் பதிவாகியிருக்கின்றன. பதிவாக வேண்டியவைதான். ஆனால் அதே தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த நம்மவர்கள் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்கள்? அடுத்த வாரங்களில் யாரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, எந்தக் குடும்பம் இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்குப் போனது? இந்தக் கேள்விகளோடுதான் நான் எழுத வந்தேன்.

என்னிடம் வரலாற்றுப் பட்டம் இல்லை. நான் படித்தது தொல்காப்பியம், சங்க இலக்கியம், சுவடிப் பதிப்பு. இதை வைத்துக்கொண்டு தோட்டத்து வரலாற்றை எப்படி எழுதுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வழி காட்டியதே சுவடிப் பதிப்புதான். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபடுகிற இடங்களைப் பாடபேதமாகக் குறித்துக் காட்டினார். தமக்குச் சரி என்று பட்டதை மேலே வைத்தாலும் மற்றதை அழித்துவிடவில்லை. பிறகு வருகிறவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவைத்தார். வயதானவர்களின் நினைவைக் கேட்டு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இந்த நாட்டிலேயே நமக்கு இன்னொரு முன்னோடியும் உண்டு. தனிநாயகம் அடிகள். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். 1679இல் அச்சான தமிழ் போர்த்துகீசிய அகராதி ஒன்றின் பிரதியை அவர் வத்திக்கானில் தேடிப்பிடித்து, அதே 1966இல் இங்கே மறுபதிப்பாகக் கொண்டுவந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். தமிழ் கற்பிக்கிறவர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

சரி, வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். அவசரகாலத்தில், காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு உணவு போகாதபடி, தோட்டத்து ஆட்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது சோறு கொண்டுபோகக் கூடாது, கேட்டில் சோதனை. இதில் என்னிடம் பேசிய பெரியவர்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. எந்த ஆண்டு என்று கேட்டால்தான் பிரிந்துவிடுவார்கள். மக்களை இப்படி இடம் மாற்றிச் சேர்க்கும் பிரிக்ஸ் திட்டம் வந்த 1950 என்பார் ஒரு தாத்தா. இல்லை, பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் வந்த பிறகுதான் என்பார் ஒரு பாட்டி, அப்படியானால் 1952. இரண்டு பேருமே அங்கே இருந்தவர்கள்.

தீர்த்து வைத்தது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த லயம். ஒரு பக்கத்தில் வெளிப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. சில பக்கங்கள் தள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இருப்பிடம். பக்கத்திலேயே தேதியும் இருக்கிறது. தேதி தாத்தா சொன்னதை ஒட்டி வந்தது. பாட்டி சொன்னதையும் அடிக்குறிப்பில் வைத்தேன். அவர் இருந்த பிரிவை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம். அந்தப் பிரிவுப் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்திருக்கலாம்.

பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நிர்வாகங்கள் பல பெயருக்குத்தான் நடத்தின. கொட்டகைதான் பள்ளிக்கூடம், வாத்தியார் ஒருவர்தான். அந்த ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்த கணக்குதான் இன்று நம் ஊரின் ஆவணம். கம்பெனியின் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், வேலை செய்கிறவர்தான் இருப்பார். வாத்தியாரின் பதிவேட்டில் குழந்தையும் இருக்கும்.

நாவல் எதற்கு என்றால், அதே பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. பள்ளியை விட்டு நின்ற காரணம். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளுக்கு நேரே பல இடங்களில் 'வீட்டு வேலை' என்று இருக்கும். அம்மா விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டேன். அந்தப் பிள்ளை சிலேட்டை என்ன செய்தாள், தம்பி பள்ளிக்கூடம் கிளம்பும்போது எங்கே நின்றாள் என்பதை யாரும் சொல்ல முடியாது. அங்கே வரலாற்று ஆசிரியர் நிறுத்திக்கொள்ள வேண்டும். என் முதல் நாவல் அந்தக் கட்டத்திலிருந்துதான் புறப்பட்டது. வரலாற்றில் இரண்டு பாடத்தையும் வைக்கலாம். நாவலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அதற்கு நானே பொறுப்பு.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையும் இப்படித்தான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. அதே பாதையில் செத்த நம் தோட்டத்து ஆட்களுக்கு உறுதியான கணக்குகூட இல்லை. வரலாற்றில் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்ட வேண்டும். நாமாக ஓர் எண்ணைப் போட்டு நிரப்பக் கூடாது.

இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்கான நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கிய கதைக்கு ஆவணம் நிறையவே உண்டு. அதை வரலாற்றில் எழுதினேன், நாவலுக்குள் இழுக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4இல் தூக்கிலிட்டதையும் அப்படியேதான். தேதி தெரிந்த ஒரு மரணத்தைக் கதைக்காக நகர்த்த எனக்கு மனம் வராது.

இன்னொன்றிலும் நான் கண்டிப்பாக இருந்திருக்கிறேன். பதிவேட்டில் பார்த்த பெயரை நாவலில் வைக்க மாட்டேன். அந்தப் பிள்ளையின் பேரன் பேத்திகள் இன்று பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கலாம்.

வேலைக் காலத்தில் இவை எதுவும் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தரவில்லை. ஆய்விதழ்க் கட்டுரைக்கு மதிப்பெண் இருந்தது. ஊர் வரலாற்றுக்குக் கொஞ்சம், நாவலுக்குச் சுத்தமாக இல்லை. இளம் விரிவுரையாளர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள், ஆனால் இறங்குங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு, கேட்பதற்கு அந்தத் தாத்தா பாட்டிகள் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக, தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் கைமாறி, செம்பனைக்கும் வீடுகளுக்கும் போய்விட்டன. பள்ளிகள் இடம் மாறுகின்றன. மாறும்போது பழைய பதிவேடுகள்தான் முதலில் லோரியில் ஏறிக் குப்பைக்குப் போகின்றன. தயவுசெய்து நிறுத்துங்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை கைப்பேசியில் படம் எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். படத்தில் பள்ளியின் பெயரும் ஆண்டும் தெரியட்டும். பிள்ளைகளின் விவரம் இருப்பதால் பொதுவில் போட வேண்டாம், பள்ளியிலேயே இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்து புரியாத பக்கங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். பள்ளி விடுமுறை முழுவதும் நான் இங்கேதான் இருப்பேன்.

நன்றி, வணக்கம்.