சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியும் எங்கள் வீட்டு ஐந்து நாள் வாக்குவாதமும்

வணக்கம் நண்பர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். காலையில் அப்பாவை இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் விட்டுவிட்டு வந்து, இப்போது வீட்டு அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், உட்கார்ந்திருக்கிறேன். அவரை அழைத்து வர இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருப்பதால், ஒரு மாதமாக மனத்தில் வைத்திருக்கும் விஷயத்தை இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வருகின்ற வெள்ளிக்கிழமை, 2022 ஜனவரி 14, பொங்கல். கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்தது இந்த வாரம் வேறு வீடுகளிலும் நடக்கக்கூடும்.

என் தம்பி சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். 2020 மார்ச் 18 அன்று கோவிட் தொற்றைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அங்கேயே தங்கிவிட்டான். அதன் பிறகு இரண்டு தீபாவளியையும் ஒரு பொங்கலையும் அவன் கைப்பேசித் திரையில்தான் எங்களோடு கொண்டாடினான். 2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கான பயணத் தடம், சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு திசையிலும் நாளொன்றுக்கு 1,440 பேர் மட்டுமே பேருந்தில் கடக்கலாம் என்பதால் சீட்டுக் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தம்பிக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஓர் இடம் கிடைத்தது. புறப்படும் முன் ஒரு பரிசோதனை, இங்கு வந்து இறங்கியதும் ஒரு பரிசோதனை, இரண்டிலும் தொற்று இல்லையென்றால் தனிமைப்படுத்தல் இல்லாமல் நேரே வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அப்போதைய விதி. செய்தி வந்த அன்றே அம்மா அவனுடைய தலையணைக்குப் புது உறை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நான், அவன் முதல் ஐந்து நாட்கள் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொன்னேன். இரண்டு சந்து தள்ளி இருக்கும் அத்தையின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அத்தை கிள்ளானில் மகனோடு இருக்கிறார், சாவி எங்களிடம் உள்ளது. அங்கே தங்கட்டும், முதல் நாளும் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் பரிசோதித்துப் பார்த்துவிட்டு வரட்டும் என்றேன்.

வீடு இரண்டாகப் பிரிந்தது. "ஒரே பானைச் சோற்றில் வளர்ந்த பிள்ளையை வாசலில் நிறுத்தச் சொல்கிறாயா?" என்று அம்மா கேட்டார். சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, "அரசாங்கமே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட பிறகு, அதற்கு மேல் ஒரு சட்டம் போட நீ யார்?" என்றார். என் கணவர் என் பக்கம் நின்றார், ஆனால் மாமனார் வீட்டு விஷயத்தில் அதிகம் பேசக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். தம்பி சொன்ன சொல்தான் என்னை வெகுவாகப் பாதித்தது. "என்னைத் தீட்டுக்காரனைப் போல வைக்கப் பார்க்கிறீர்களா, அக்கா?" என்று அவன் கேட்டான்.

சித்தப்பாவின் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அரசாங்கம் விதியை வகுக்கும்போது, நாடு எவ்வளவு தாங்கும், மருத்துவமனைகளில் எத்தனை படுக்கைகள் உள்ளன, எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து எல்லோருக்கும் பொதுவாக வகுக்கிறது. எங்கள் கூடத்தில் யார் படுத்திருக்கிறார் என்பது அந்த விதிக்குத் தெரியாது. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களின் உடலில் தடுப்பூசி மற்றவர்களுக்கு வேலை செய்யும் அளவுக்கு வேலை செய்வதில்லை. சிங்கப்பூர்ப் பேருந்தில் எத்தனை பேர் வரலாம் என்று கணக்கிட்டவர்கள் அப்பாவின் இரத்தத்தைக் கணக்கிட்டிருக்க முடியாது. அந்தக் கணக்கை நாங்கள்தான் போட வேண்டும்.

ஆனால் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு என்ன ஆனால் என்ன, என் பிள்ளையைப் பார்க்க வேண்டும், வரச் சொல்" என்றார். இதைக் கேட்டதும் அம்மா, "அவரே சொல்லிவிட்டாரே" என்று என்னைப் பார்த்தார். ஆபத்து யாருக்கோ அவரே சம்மதித்துவிட்டால் இடையில் நிற்க மகளுக்கு உரிமை உண்டா என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். மூன்றாம் நாள் அப்பாவை மையத்துக்கு அழைத்துப் போனபோது பதில் கிடைத்தது. அவருடைய நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவர், இடப்பக்கம் என் வயதுள்ள ஒரு சீனப் பெண்மணி, எதிர் வரிசையில் எங்கள் பழைய தோட்டத்துக் கங்காணியின் மகன். எல்லோரும் ஒரே குளிரூட்டப்பட்ட அறையில் நான்கு மணி நேரம் ஒன்றாக இருக்கிறார்கள். அப்பாவுக்குத் தொற்று வந்தால், அது உறுதியாவதற்கு முன்பே அவர் ஒன்றோ இரண்டோ முறை அந்த அறையில் இருந்திருப்பார். அப்போதைய நடைமுறைப்படி, உறுதியான பிறகு அவர் அந்த மையத்துக்கு வர முடியாது, அதற்கென்று ஏற்பாடு செய்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சுத்திகரிப்பை ஒரு நாள் தள்ளிப்போட்டாலே அவருக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும். அப்பா தன் உயிருக்குச் சம்மதம் தரலாம், பக்கத்து நாற்காலிக்காரரின் உயிருக்கு அவர் எப்படிச் சம்மதம் தர முடியும்? இதை அன்று மாலை அவரிடமே சொன்னேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சீனப் பிள்ளைக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கின்றன" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பரிசோதனைகளில் தொற்று இல்லையென்றால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கிருமி உடலுக்குள் புகுந்து வெளிப்பட இரண்டு நாளிலிருந்து 14 நாட்கள் வரை ஆகலாம், பலருக்கு ஐந்து நாட்களுக்குள் தெரிந்துவிடும் என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டது. பேருந்தில் ஏறிய நாளில் பரிசோதித்தால் அன்றைய நிலை மட்டுமே தெரியும். 2020 ஜூலையில் கெடாவில் தொடங்கிய சிவகங்கைத் தொற்றுத் திரளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தியாவிலிருந்து திரும்பியவருக்கு முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. பின்னர் எடுத்த பரிசோதனையில்தான் உறுதியானது. அதற்குள் வீட்டில் தனித்திருக்க வேண்டிய நாட்களில் அவர் தம் உணவகத்துக்குச் சென்று வந்ததால், 40க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஊர் திரும்பியவனுக்கு வீட்டில் கை கால் சும்மா இருக்காது. தம்பி வந்த நேரத்தில் ஓமிக்ரானும் நாட்டுக்குள் வந்துவிட்டது. டிசம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட முதல் நோயாளி சிங்கப்பூர் வழியாக வந்து, இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஈப்போவில் தனிமைப்படுத்தப்பட்டவர்.

தீட்டு என்ற சொல்லுக்குப் பதில் சொன்னவர் பாட்டி. அவருக்கு 84 வயது, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மை போட்டிருக்கும் வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் படியேற மாட்டார்கள் என்றும், வெளியூர் போய் வந்தவர்கள் அந்தப் பக்கமே நடக்க மாட்டார்கள் என்றும், கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்றும், மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே உறவு உள்ளே வரும் என்றும் அவர் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லையாம். ஆத்தாளுக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார்களாம். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது, பினாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெரஜாக் தீவில் தனியாக வைத்திருந்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். "உன் கொள்ளுத் தாத்தாவே இருந்துவிட்டுத்தான் வந்தார், நீ ஐந்து நாள் இருக்கமாட்டாயா?" என்று பாட்டி கேட்டதும் தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக நான் பாட்டிக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பக்கம் ஒரு தவறு இருக்கிறது. நான் இந்த ஐந்து நாள் யோசனையைத் தம்பியிடம் தனியாகப் பேசவில்லை. இரவு 11 மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அதில் சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் என்று 30 பேர் இருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னிலையில் ஒருவனை வராதே என்று சொல்வது போல் அது ஆகிவிட்டது. அவன் சீட்டு வாங்குவதற்கு முன்பே அழைத்துப் பேசியிருந்தால், விடுமுறையை ஐந்து நாள் கூட்டிக் கேட்டிருப்பான். நான் தாமதித்ததால் அவனுடைய 12 நாள் விடுமுறையில் ஐந்து நாட்கள் அத்தை வீட்டில் கழிந்தன. இதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவன் வந்த இரவு, ஈப்போ அமான் ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து என் கணவர் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அழைத்து வந்தார். அம்மா கோழிப் பிரட்டலும் ரசமும் வைத்து, பாத்திரங்களை ஒரு தட்டில் அடுக்கி, அத்தை வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். தம்பி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டான். அம்மா கேட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவன் கடைசிக் கவளத்தை உருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இளைத்துவிட்டான்" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், என்னாலும் எதுவும் பேச முடியவில்லை.

எல்லார் வீட்டிலும் ஓர் அத்தை வீடு காலியாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். அப்பா அம்மாவின் மலிவு விலை வீட்டில் இரண்டு அறைகள், ஒரே குளியலறை. வசதியுள்ளவர்கள் மாடியறையில் தனியாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து வெளியேறி இந்தத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு, தனிமை என்பதே ஒரு செலவு. அந்தச் சாவி இல்லாதிருந்தால், அப்பாவை நாங்கள் என் வீட்டுக்கு மாற்றியிருப்போம்.

மூன்று பரிசோதனைகளிலும் ஒரே கோடுதான் விழுந்தது. ஆறாம் நாள் காலையில் தம்பி வீட்டுக்குள் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். சித்தப்பா மறுபடியும் அழைத்து, "பார்த்தாயா, ஒன்றும் இல்லை, வீணாகப் பிள்ளையை ஐந்து நாள் வெளியே வைத்தாய்" என்றார். ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஐந்து நாட்கள் தேவைப்பட்டன என்று நான் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாவும் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

பொங்கலுக்குத் தங்கை கோலாலம்பூரிலிருந்து வருகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் 12 வயதுக்குக் கீழே, இந்த 2022 ஜனவரியில் அந்த வயதினருக்கு இன்னும் தடுப்பூசி தொடங்கவில்லை. இந்த முறை போன வாரமே அவளை அழைத்துத் தனியாகப் பேசிவிட்டேன். புறப்படும் நாளிலும் பொங்கலன்று காலையிலும் பரிசோதித்துக்கொள்வாள். எப்படியும் பொங்கலை வாசலில்தான் வைக்கிறோம், ஆகவே சாப்பாட்டையும் வாசலிலேயே பாய் விரித்து வைத்துக்கொள்வோம், அப்பா அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், பிள்ளைகள் அவர் மடியில் ஏறாமல் பார்த்துக்கொள்வோம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எந்தப் பிள்ளையும் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. அதற்கு நான் சம்மதித்துவிட்டேன்.

மணி ஆகிவிட்டது, அப்பா காத்திருப்பார். போய் அழைத்து வருகிறேன். வணக்கம்.