லாவெண்டர் மலையும் வெட்டிவேர் மணலும்

(புதுச்சேரியில் தோட்டக்கலை ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, காரைக்காலிலிருந்து விடியற்காலையே புறப்பட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரி அவர்களே, தனக்குரிய நேரத்தில் பத்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்த பேராசிரியர் அம்மா அவர்களே, கடலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் என் விவசாயச் சொந்தங்களே, மாடித்தோட்டம் போடும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு வெட்டிவேர் மாலை அணிவித்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி. மாலை கழுத்திலேயே இருக்கட்டும், காரணம் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, குளிர்நாட்டுச் சிறு பண்ணையில் லாவெண்டர் என்ற ஊதாப்பூ மணச்செடி. இரண்டு செய்திகள் சொல்லப்போகிறேன்: வகைகள், பயன்கள். ‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்று என் தாயார் அடிக்கடி சொல்வார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவளோடு புரொவான்ஸ் மலைப்பக்கம் ஒரு வயதான அம்மாளின் பண்ணைக்குப் போயிருந்தேன். ஒரு ஏக்கர்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு வகை. ஹிட்கோட் என்ற வகை, கத்தரிப்பூவைவிட அடர்ந்த ஊதா. கொத்தாகக் கட்டி உலர்த்த ஏற்றது. மன்ஸ்டெட் குட்டையானது, அதைச் சர்க்கரையிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கிறார்கள். இந்த இரண்டும் அசல் லாவெண்டர்; குளிரை நன்றாகத் தாங்கும். மூன்றாவது லாவன்டின். அது கலப்பினம், விதை வைக்காது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும். அதில் குரோசோ என்ற வகை எண்ணெயை அள்ளித் தரும். ஆனால் கற்பூர வாடை தூக்கலாக இருப்பதால் சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் போகிறது. எண்ணெய் குறைவாகத் தரும் அசல் லாவெண்டருக்குத்தான் விலை அதிகம்.

“பனிக்குப் பயமில்லை, தேங்குகிற தண்ணீர்தான் எமன்” என்றார் அந்த அம்மாள். அதனால்தான் மேட்டுப்பாத்தியும் சரளைக்கல்லும். பூ முடிந்ததும் கவாத்து செய்கிறார், ஆனால் இலையில்லாத பழைய கட்டைக்குக் கீழே கத்தி போகாது, போனால் துளிர்க்காது. நம் மாடியில் வருமா என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். மார்கழியில் தொட்டியில் அழகாக நிற்கும். அடுத்த ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். உள்ளதைச் சொல்கிறேன்.

அன்று மதியம் சமையலறையில் உட்கார வைத்தார். துணி அலமாரியைத் திறந்து காட்டினார். மடித்த விரிப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துணிப்பைகள், உள்ளே உலர்ந்த லாவெண்டர். பூச்சி அண்டாதாம். எனக்கு என் தாயாரின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. கூறைப்புடவைக்கு அடியில் அவர் வைத்திருந்தது ஒரு கைப்பிடி வெட்டிவேர். என் பையிலும் ஒரு முடிச்சு இருந்தது. வெளியூர் போனால் எடுத்துப்போவது என் வழக்கம். எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். குழாயடியில் விரலை நனைத்து வேரில் இரண்டு சொட்டு தெளித்தார். நான் சொல்லவேயில்லை, தானாகவே செய்தார்! அறை முழுக்க மணம். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, “கிலோ என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். என் மகள் மொழிபெயர்த்தாள். நான் விலையைச் சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் மகளிடம் கோபமாக ஏதோ சொன்னார். என்னம்மா என்றேன். “வேராகவே ஏன் விற்கிறீர்கள், உங்கள் ஊரில் எண்ணெய் வடிப்பதற்கு ஆளில்லையா என்று கேட்கிறாங்கப்பா” என்றாள். அவருக்குத் தனியாக வடிகலம் கிடையாது. அக்கம்பக்கத்துச் சிறு பண்ணையாளர்கள் சேர்ந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். பூ வெட்டிய அன்றே முறை போட்டு வடித்துவிடுகிறார்கள். அரைமணி நேர ஆவியில் எண்ணெய் இறங்கிவிடுகிறது. அங்கே பூவும் மணக்கிறது, நாரும் மணக்கிறது.

பிரான்சுதான் வேண்டும் என்றில்லை. ஜம்முவில் தோடா மாவட்டத்துப் பதர்வாவில் மக்காச்சோளம் போட்டவர்கள் லாவெண்டருக்கு மாறினார்கள். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் நறுமணத் திட்டம் நாற்றும் கொடுத்தது, வடிக்கும் வசதியும் செய்தது. 2022இல் அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது. அதே திட்டத்தில் வெட்டிவேரும் இருக்கிறது, என் சொந்தங்களே!

நம் கடலூர்க் கரையோரத்துத் தியாகவல்லி, நொச்சிக்காடு மணலைப் பாருங்கள். வெட்டிவேர் நேராக இறங்க அதைவிடத் தோதான மண் எது? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த மறுநாள் எங்கள் கொல்லையில் முந்திரி வேரோடு சாய்ந்து கிடந்தது. வரப்பிலிருந்த வெட்டிவேர்த் தூறு அசையவில்லை. ஒரு வருடம் காத்திருந்து, ஜேசிபி வைத்துத் தோண்டி, அலசி, உலர்த்தி, கடைசியில் வியாபாரி சொல்லும் விலைக்கு லாரி ஏற்றுகிறோம். லாவெண்டர்போல் அரைமணியில் முடிகிற வேலையில்லை இது; வேரை ஒரு நாள் முழுக்க ஆவியில் வைக்க வேண்டும். விறகும் கொதிகலனும் தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் நம் கரையோரத்துக்கு விவசாயிகளே கூட்டாக நடத்தும் டிஸ்டிலேஷன் யூனிட், அதாவது எண்ணெய் வடிக்கும் நிலையம், வேண்டும் என்று மூன்று வருடமாக மேடைதோறும் கேட்கிறேன். அதிகாரி அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், நன்றி ஐயா.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. நீங்கள் போட்ட இந்த மாலை வியர்வை பட்டுப் பட்டு இப்போதுதான் மணக்கத் தொடங்கியிருக்கிறது. கிட்டே வருகிறவர்கள் முகர்ந்து பாருங்கள். பூவோடு சேர்ந்த நாருக்கே மணமென்றால், நாரே மணமான பயிர் இது. விளைவித்தவன் வீட்டிலும் அந்த மணம் தங்கட்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது. பட்டா எண் வேண்டாம், ஊர்ப்பெயரும் கையெழுத்தும் போதும். வேனில் திரும்ப வேண்டியவர்கள் முதலில் போட்டுவிடுங்கள்.