உலை கொதித்தும் அரிசி வேகாத ஊரில் கால்பந்து

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில், சிறுவயது முதல் நான் பந்து விளையாடி வரும் மைதானத்தின் படிக்கட்டில் அமர்ந்து பேசுகிறேன். இன்று பேசப்போவது பொலிவியாவின் லா பாஸ் நகரத்தைப் பற்றி. நம் பொதிகை மலையின் உச்சி 1,868 மீட்டர். அதன் தலைமேல் இன்னொரு பொதிகையை நிறுத்தினால்தான் லா பாஸின் உயரம், ஏறத்தாழ 3,600 மீட்டர், கைக்கு எட்டும்.

அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், உலை தளதளவென்று கொதித்தாலும் அரிசி எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் நம் வீட்டுப் புழுங்கலரிசியை அங்கே வடிக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 4,000 மீட்டரைத் தாண்டிய மேட்டில் இருக்கும் எல் ஆல்டோவுக்கும் கீழே இருக்கும் லா பாஸுக்கும் இடையே, நாம் ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறுவதைப் போல, மக்கள் 2014 முதல் ரோப் காரில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஆக்ஸிஜன் குறைந்த அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கிறது. கீழிருந்து செல்பவருக்கோ, உடல் கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்ளவே வாரக்கணக்கில் ஆகும். பந்தும் அங்கே வேறு குணம் காட்டும்: காற்றின் தடை குறைவதால் வேகமாகப் பாயும், நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வளையாது. 1993இல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரேசில் முதன்முறையாகத் தோற்றது லா பாஸில்தான்.

2007இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, வீரர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டி, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்றது. எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த மாதமே வரம்பைத் தளர்த்தி, 2008இல் தடையை நிறுத்தி வைத்தது. அந்தத் தடையை எதிர்த்து மரடோனாவே லா பாஸுக்குச் சென்று பந்தாடினார். 2009இல் அவர் பயிற்சியில் மெஸ்ஸியும் ஆடிய அர்ஜென்டினா, அதே மைதானத்தில் 6-1 என்று தோற்றது.

உடல்நலம் என்ற காரணம் பொய்யன்று. மூச்சுத்திணறலை நான் எளிதாகப் பேசவில்லை. ஆனால் ஒரு மே மாதப் பிற்பகலில், குளிர்ந்த மலைப்பக்கத்து அணி ஒன்று இதே மைதானத்துக்கு ஆட வந்தது என் நினைவில் இருக்கிறது. இடைவேளையில் அவர்கள் வேப்பமரத்தடியில் சாய்ந்து, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். அன்று வெயில் எங்களுக்குத் துணை நின்றது உண்மை; அதற்காகப் பாளையங்கோட்டையில் பந்தாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தன் வீட்டு வாசலில் ஆடும் உரிமை வெயில் ஊர்க்காரனுக்கு உண்டென்றால் மலை ஊர்க்காரனுக்கும் உண்டு என்பதே என் உறுதியான கருத்து.

2024இல் பொலிவியா தன் ஆட்டங்களை இன்னும் மேலே, எல் ஆல்டோவுக்கே கொண்டுசென்றது. 2025 செப்டம்பரில் அங்கே பிரேசிலை 1-0 என்று வென்று, உலகக் கோப்பைக்கான பிளேஆஃப், அதாவது கடைசிக்கட்டத் தகுதி ஆட்ட, வாய்ப்பைப் பெற்றது.