செத்தவீடு முடிஞ்சு ஹொஸ்டலுக்கு வாற பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வளாகமா இருந்த பம்பைமடு, 2021 ஓகஸ்ட்ல வவுனியா பல்கலைக்கழகம் ஆனது உங்களுக்குத் தெரியும், இப்ப மலையகம் மட்டக்களப்பு எண்டு எங்கையெல்லாமோ இருந்து பிள்ளையள் வருதுகள், அதால சாவுச் செய்தியும் ஃபோனிலதான் வருது.

எங்கட ஊர்ச் செத்தவீட்டில அடுப்பு மூட்டாயினம், சோறு அயலில இருந்து வரும், பந்தல் கதிரை எல்லாம் ஆரோ பாப்பினம், சிலபேர் வந்து வாயே திறக்காமல் இருந்திட்டு எழும்பிப் போவினம், அது போதும். 31ம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் ஆக்கள் வந்து போவினம். பிள்ளையோ எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிஞ்ச கையோட பஸ் ஏறுது, 80 வீத வரவு வேணும், மிட் எக்ஸாம் வேற. ஹொஸ்டலில அயல் ஆர்? ரூம்மேட்தான்.

நான் இன்ஸ்ரக்டரா இருந்த காலம், ஒரு பெடியன் லாப்புக்குத் தொப்பியோட வந்தான், நானும் பெரிய ஆள் மாதிரி "தொப்பியைக் கழட்டும்" எண்டன். கழட்டினான், மொட்டை. தேப்பனுக்குக் கொள்ளி வைச்சிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில நிண்டவன் ஒண்டும் கதைக்கேல்ல, அண்டைய ரீடிங் எல்லாத்தையும் அவன்ர கொப்பியிலயும் எழிதிக் குடுத்தான். எனக்கு வராத புத்தி.

வன்னிப் பிள்ளையளுக்கு இன்னொண்டு இருக்கு. 2009 மே மாசம் முள்ளிவாய்க்காலில நாலு அஞ்சு வயசில நிண்டதுகள் கம்பஸுக்கு வந்திட்டுதுகள். ஒரு பிள்ளை அம்மம்மா செத்து மாசக்கணக்கா அழுதா, "கிழவிக்கு 82 தானே" எண்டு கதைச்சவை. அந்தப் பிள்ளையின்ர அப்பா காணாமல் ஆக்கப்பட்டவர், உடம்பும் இல்லை எட்டும் இல்லை, மரண சான்றிதழும் எடுக்க மனமில்லை. அவ அம்மம்மாவுக்கு மட்டும்தான் அழுதவ எண்டு நினைக்கிறியளே?

அதால "ஏதும் எண்டா சொல்லு" எண்டிட்டுப் போகாதேங்கோ, சொல்லாயினம். சோத்துப் பார்சலை வாங்கிக் கொண்டுபோய் மேசையில வையுங்கோ. லீவுக்கு மரண சான்றிதழ் கேப்பினம், ஃபோட்டோக்கொப்பி அடிச்சு ஒஃபிஸில நீங்கள் குடுங்கோ, அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அவன் லைன்ல நிக்கிறது கொடுமை. சாகோணும் எண்டு கதைச்சா மட்டும் உங்களுக்குள்ள வைச்சிருக்காதேங்கோ, உடன கவுன்சிலரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ, 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கும் அடிக்கலாம்.

அந்த மொட்டைப் பெடியன்ர ரூம்மேட், என்ன திதி எண்டு கேட்டு, ஒரு வருசம் முடிய வாற ஆட்டைத்திவசத்தை ஃபோனில போட்டு வைச்சவனாம். அண்டைக்குக் கன்ரீனில ரெண்டுபேருக்கும் மரக்கறிப் பார்சல்.