தலை திருப்பும் டார்ச் லைட்: ராத்திரி வயலுக்குப் போகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

(காட்சி: இருட்டு. வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம். தரையில் ஒரு வட்ட வெளிச்சம். அதற்குள் மம்பட்டி மண்ணை வெட்டுகிறது. இரண்டு கையும் மம்பட்டியில்.)

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற எங்கள் வாழைத்தோப்பில் இருந்து பேசுகிறேன். மணி ராத்திரி 11:30. எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கையடக்க லைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பார்த்த காட்சியில் லைட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. அது என் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தது. லைட்டின் உடம்பு நேராக நிற்க, அதன் தலை மட்டும் தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

லைட்டை வாயில் கவ்விக்கொண்டு மடை அடைத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் செய்தேன். எச்சில் வடியும், தாடை வலிக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. எங்கள் பெரியப்பா அக்குளில் இடுக்கிக்கொள்வார். ஒரு நாள் குனிந்து மண் அள்ளும்போது லைட் நழுவி வாய்க்காலில் விழுந்து, எரிந்துகொண்டே தண்ணீரோடு போய்விட்டது. "ஏல, லைட்டு போனாப் போகுது. நீ இருந்த இடத்துலயே அசையாம நில்லு. காலை எங்க வைக்கோம்னு தெரியாது" என்றார். அன்றைக்கு நிலா இல்லை. இரண்டு பேரும் வரப்பைக் காலால் தடவித் தடவி பம்புசெட் வரைக்கும் வந்தோம். அதற்குப் பிறகுதான் இந்த மாதிரி லைட்டைத் தேட ஆரம்பித்தேன்.

(காட்சி: மேசையில் இரண்டு லைட். ஒன்று ‘ட’ போல மடங்கியே இருப்பது. இன்னொன்றின் தலை கீலில் திரும்புகிறது.)

இதில் இரண்டு வகை. ஒன்று, தலை எப்போதும் பக்கவாட்டில் பார்க்கிற வகை. இது பழையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் நெஞ்சிலும் பெல்ட்டிலும் மாட்டிக்கொண்ட டிஎல்-122 இந்த வடிவம்தான். இன்னொன்று, கீல் வைத்துத் தலையை மேலும் கீழும் திருப்புகிற வகை. ஸ்ட்ரீம்லைட் நிறுவனத்தின் சைட்விண்டரில் தலை 185 டிகிரி திரும்பும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. நேராகப் பார்ப்பதில் இருந்து 90 டிகிரி கீழே வரைக்கும் திரும்பினால் வயல் வேலைக்குப் போதும்.

"அதுக்கு நெத்தி லைட்டே வாங்கிரலாமே அண்ணாச்சி" என்று பல பேர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நெற்றி லைட்டுக்கும் வேலை இருக்கிறது. மோட்டாரைப் பிரித்து வேலை பார்க்கும்போது அதுதான் வசதி. ஆனால் வரப்பில் நடப்பதற்கு நான் இடுப்பு லைட்டைத்தான் சொல்வேன். காரணத்தை நேரில் காட்டுகிறேன்.

(காட்சி: ஒரே வரப்பு. முதலில் லைட் நெற்றி உயரத்தில். பிறகு அதே லைட் இடுப்பு உயரத்தில்.)

நெற்றியில் இருந்து வெளிச்சம் போகும்போது, அது கண் பார்க்கிற கோட்டிலேயே போகிறது. கல்லுக்கும் குழிக்கும் விழுகிற நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். தரை முழுக்கத் தட்டையாகத் தெரியும். அதே லைட்டை இடுப்புக்கு இறக்கினால் வெளிச்சம் சாய்வாகப் போகும். ஒவ்வொரு கட்டிக்கும் குச்சிக்கும் பக்கத்தில் ஒரு நிழல் நிற்கும். இதோ, இந்த இடத்தில் நண்டு வளை இருப்பது முதல் காட்சியில் தெரிந்ததா? இப்போது தெரிகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது பாம்புக்காகத்தான். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் ராத்திரியில் நடமாடுகிறவை. ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த நிலத்துக்குப் போனால் சுருட்டை விரியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடு, நாய், பூனைக்கெல்லாம் லைட் பட்டால் கண் மின்னும். பாம்புக்கு அப்படி மின்னாது. கண் மின்னினால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. உடம்பின் வடிவமும் நிழலும் தெரிந்தால்தான் உண்டு. இதையும் சொல்ல வேண்டும்: லைட் இருக்கிறது என்று செருப்போடு போகாதீர்கள். கணுக்கால் மூடுகிற பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொரு காரணம் பூச்சி. மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால், நெற்றி லைட் போட்டவர் முகத்தில்தான் அத்தனையும் வந்து மோதும். இடுப்பில் இருந்தால் இடுப்போடு போகும். மாஞ்சோலை, நாலுமுக்குப் பக்கம் பனிமூட்டத்தில் நின்றவர்களுக்கு மூன்றாவது காரணமும் தெரிந்திருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்து கிளம்புகிற வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர் கட்டின மாதிரி. லைட்டைத் தாழ்த்தினால் அந்தச் சுவர் மெலிந்துவிடும்.

சரி, வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எல்லாரும் லூமன், அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவு, எத்தனை என்று கேட்பார்கள். நான் முதலில் தலையும் உடம்பும் சேருகிற கழுத்தைத்தான் பார்ப்பேன். இந்த வகை லைட்டில் கெட்டுப்போகிற இடம் அதுதான்.

(காட்சி: கீலை நெருக்கமாக. விரல் தலையை மெல்லத் திருப்புகிறது. டிக், டிக் என்று சத்தம்.)

கடையிலேயே தலையை இருபது தடவை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘டிக்’ என்று நிற்க வேண்டும், அல்லது விட்ட இடத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். பெல்ட்டில் மாட்டி நாலு தடவை குதித்துப் பாருங்கள். தலை தொங்கினால் அந்த லைட் வேண்டாம். புதிதாக இருக்கும்போதே தொங்குவது ஆறு மாதத்தில் ஆடும். அடுத்து, லைட்டை எரியவிட்டுத் தலையைத் திருப்புங்கள். எந்தக் கோணத்திலாவது வெளிச்சம் மினுங்கினால், உள்ளே போகிற ஒயரோ தொடுமுனையோ சரியில்லை என்று அர்த்தம். கடைக்காரர் "பேட்டரி லூசு சார்" என்பார். நம்பாதீர்கள்.

தண்ணீரும் அந்தக் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகும். அட்டையில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தெறிக்கிற தண்ணீரை மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். வாய்க்காலில் விழக்கூடிய லைட்டுக்கு 7 இருக்க வேண்டும். ‘எக்ஸ்’ போட்டிருக்கிற இடம் தூசிக்கானது. அங்கே எக்ஸ் இருந்தால் தூசிச் சோதனை எதுவும் குறிப்பிடவில்லை என்று பொருள். தேரிக்காட்டுச் செம்மணலில் புழங்குகிறவர்கள் அந்த இடத்தில் 6 இருக்கிற ஐபி67, ஐபி68 மாதிரி பார்ப்பது நல்லது. அந்த நைசான மணல் கீலுக்குள் புகுந்தால் அரைத்தே தேய்த்துவிடும்.

கழுத்தைப் பற்றி யாரும் சொல்லாத இன்னொன்று, சூடு. எல்இடி தலையில் இருக்கிறது. நேரான டார்ச்சில் அந்தச் சூடு உடம்பு முழுக்கப் பரவி, கை வழியாகவும் காற்று வழியாகவும் வெளியேறும். கீல் வைத்த லைட்டில் தலையும் உடம்பும் ஒரு சின்ன இணைப்பில்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சூடு தலையிலேயே தங்கும். அதனால் நல்ல லைட்டாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைக்காவிட்டால் எல்இடி சீக்கிரம் போகும். ஆகவே இவ்வளவு சின்னத் தலையில் "1500 லூமன்" என்று எழுதியிருந்தால், அது கொஞ்ச நேரத்து வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எவ்வளவு லூமன் வேண்டும்? வரப்பில் நடக்க 50 போதும். மடையில் நின்று வேலை செய்ய 100. தோப்புக்குள் பன்றி நிற்கிறதா என்று ஒரு கணம் பார்க்க 400, 500. அவ்வளவுதான். லூமன் நாலு மடங்கானால்தான் நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்றும். 1000-க்கும் 1500-க்கும் உள்ள வித்தியாசத்தை வயலில் நின்று கண்டுபிடிப்பது கஷ்டம். பேட்டரி தீர்வதில் மட்டும் அது நன்றாகத் தெரியும்.

அட்டையில் "200 மீட்டர்" என்று இருக்கும். எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது, 2009-இல் வந்தது. அதன்படி 200 மீட்டர் என்றால், அந்தத் தூரத்தில் விழுகிற வெளிச்சம் 0.25 லக்ஸ். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. சொன்ன தூரத்தில் பாதியை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். எரிகிற நேரத்துக்கும் இதே கதைதான். ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் அந்த நேரக் கணக்கில் வந்துவிடும்.

(காட்சி: இரண்டு பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில்.)

பேட்டரி. வலது பக்கம் இருப்பது 18650 என்கிற சார்ஜ் ஏற்றும் பேட்டரி. பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதை எம்ஏஎச் என்று எழுதுவார்கள். நல்ல கம்பெனி 18650-இல் பொதுவாக 3500 எம்ஏஎச் பக்கம் வரும். இந்த உறைக்குள் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்பது பொய். அவ்வளவு மின்சாரம் இந்த அளவுக்குள் அடங்காது. ஒரு நல்ல 18650 இருந்தால் 100 லூமனில் ஏறக்குறைய ஒரு ராத்திரி ஓட்டலாம். இடது பக்கம் இருப்பது சாதாரண ஏஏ செல். லைட் சின்னதாக, சட்டைப் பையில் அடங்குவதாக வேண்டும் என்றால் இதில் ஓடுகிற லைட் சரி. வெளிச்சமும் நேரமும் குறையும், ஆனால் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி இருப்பதைத்தான் வாங்குவேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் தண்ணீரில். கரண்ட் இல்லை. உள்ளேயே பூட்டின பேட்டரி லைட் தீர்ந்துவிட்டால் அப்படிப்பட்ட ராத்திரியில் அது வெறும் உலோகத் துண்டு. கூடுதலாக இரண்டு செல் நிரப்பி வைத்திருந்தால் மூன்று ராத்திரியைக் கடத்திவிடலாம். கொளுத்துகிற வெயிலில் காருக்குள் மட்டும் இந்த பேட்டரி செல்லை விட்டுவிட வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். நீலம் கலந்த வெள்ளை 6500 கெல்வின். 4000 கெல்வின் பக்கம் வந்தால் சற்று மஞ்சள் கலந்திருக்கும். எங்கள் தோப்பில் வாழைச்சருகு எங்கும் கிடக்கும். விரியனும் ஏறக்குறைய அதே நிறம். நீல வெளிச்சத்தில் இரண்டும் சாம்பலாகத் தெரிகின்றன. 4000-த்தில் சருகு சருகாகவும் பாம்பு பாம்பாகவும் பிரிந்து தெரிகிறது. சில லைட்டுகளில் சிவப்பும் இருக்கும். இருட்டுக்குக் கண் முழுக்கப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குகிறவர்கள், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல் எதையாவது தேட அது உதவும். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் நடக்கவே கூடாது. பாம்பின் உடம்புக் கோலம் அதில் தெரியாது.

மாட்டுவது எங்கே? வெளிநாட்டு வீடியோக்களில் நெஞ்சில் பட்டையைக் கட்டி மாட்டிக் காட்டுவார்கள். நம் ஆட்கள் சாரமும் பனியனும் பச்சை பெல்ட்டுமாகப் போகிறவர்கள். அதனால் கிளிப்பை அந்தத் தடித்த பச்சை பெல்ட்டில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெல்லிய கிளிப் அதில் ஏறாது, ஏறினாலும் பிடிக்காது. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் விடியுமுன் பனை ஏறுகிற அண்ணன்மாருக்கு இன்னும் கவனம் வேண்டும். கிளிப்போடு ஒரு கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். மேலே இருந்து நழுவினால் லைட்டும் போகும், கீழே நிற்பவர் தலையும் போகும்.

அடியில் காந்தம் இருந்தால் நல்லது. பம்புசெட்டில் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒட்டவைத்துத் தலையை மோட்டார் பக்கம் திருப்பிவிடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தம் இருக்கிற லைட்டைச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

சேற்றில் புழங்கிய பிறகு கழுத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பேட்டரி மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் துளி தடவினால் போதும். தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் இரண்டும் வேண்டாம். அப்புறம், முண்டந்துறைப் பக்கம் போகிறவர்கள்: வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரியில் காட்டுக்குள் போகாதீர்கள், விலங்குகள் மேல் லைட் அடிக்காதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

(காட்சி: தூரத்தில் யாரோ கூப்பிடும் குரல். வாய்க்காலில் நீர்மட்டம் ஏறுகிறது.)

மேல்மடையில் இருந்து பெரியப்பா கூப்பிடுகிறார். தண்ணீர் வந்துவிட்டது. கேமராவை இந்த வாழையோடு கட்டிவிட்டுப் போகிறேன். லைட்டின் தலையைக் கீழே இறக்குகிறேன், 50 லூமனில் வைக்கிறேன். மம்பட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

(காட்சி: வெளிச்ச வட்டம் வரப்பின் மேல் நகர்ந்து போகிறது.)