ராயபுரத்தின் மறுமுனை நம் வாலாஜா ரோடு

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, சால்வை போர்த்தி வரவேற்ற வணிகர் சங்கப் பெரியவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் வாலாஜாபேட்டைத் தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசிய பேராசிரியர் அய்யாவுக்குத் தனி வணக்கம். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: ராயபுரம் நிலையம், இராணிப்பேட்டைக் கிளைப்பாதை, பழைய ரயில் கட்டடங்களின் பராமரிப்பு.

1856 ஜூன் 28 அன்று ராயபுரத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், சுமார் 65 மைல் ஓடி எங்கே வந்து நின்றது? நம் வாலாஜா ரோட்டில்! (கைதட்டல்)

அப்போது இந்த முனைக்கு ஆற்காடு என்றே பெயர். மூட்டை முடிச்சோடு இறங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். "நவாபு ஊர் எங்கேய்யா?" வண்டிக்காரர் தெற்கே கை காட்டுகிறார். மாட்டுவண்டியில் ஏறுகிறார். இராணிப்பேட்டை வருகிறது. "இதுவா?" "இல்லைங்க சாமி, ஆத்துக்கு அந்தாண்ட." பாலாற்று மணலில் சக்கரம் புதைகிறது. "சாமி, கொஞ்சம் இறங்கித் தள்ளுங்க." புகைவண்டியில் பவனி வந்த மனுஷர் மாட்டுக்கு ஒத்தாசையாக ஆற்காடு போய்ச் சேர்கிறார்! (சிரிப்பு)

1873-ல் சென்ட்ரல் வந்தது. 1922-ல் ரயில் கம்பெனித் தலைமையகமும் ராயபுரத்தை விட்டுப் போனது. ஆட்கள் போனபின் ஓடு விழும், மழை இறங்கும், ஆலஞ்செடி வேர்விடும். 2005-ல் அதைப் புதுப்பித்தார்கள், மகிழ்ச்சி. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இங்கேதான் என் வழக்கு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். பழைய சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கும். சுண்ணாம்புக் காரை வழியாக அது வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரத்திலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து முகத்தைப் பொடியாக உதிர்க்கும். பூச்சு பளபளக்கும், பின்னால் கல் செத்துக்கொண்டிருக்கும்.

சரியான வேலை எப்படி? சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீற்றியதை வடிகட்டி, மேலே நீர் நிற்க, குறைந்தது மூன்று வாரம் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டி சுவரில் போனபின் பொங்கி, காரையில் குழி விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைப்பது நம் கொத்தனார்களின் கைமுறை. பழைய இணைப்பை ஒரு அங்குலம் சுரண்டி, தூசு தட்டி, செங்கல்லை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒவ்வொரு பூச்சாகப் பூசுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலை மறையுங்கள். சித்திரை வெயிலில் இதைச் செய்யவே கூடாது, காய்ந்து வெடிக்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை ஒப்பந்தக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். டெண்டரில் எழுதினால் கேட்பார். ஆகவே நம் தடத்துப் பழைய நிலையங்களின் பழுதுபார்ப்பு டெண்டரில் "சுண்ணாம்புச் சாந்து மட்டும்" என்ற வரி வர வேண்டும் என மனு தயாரித்திருக்கிறோம். கிளைப்பாதையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். மனு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப்பெயரும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.