ஏழு சூரியன்களைக் கண்ட குமாஸ்தா

நண்பர்களே, ஐவரி கோஸ்ட் ஓவியர் ஃபிரெடெரிக் புரூலி புவாப்ரேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 1948 மார்ச் 11-இல்தான் தொடங்குவார்கள். அன்று வானம் திறந்து, தாய்ச் சூரியனைச் சுற்றி ஏழு வண்ணச் சூரியன்கள் வட்டமிட்டதைக் கண்டதாக அவரே சொன்னார். 'மறக்காதவன்' என்று பொருள்படும் ஷேக் நாத்ரோ என்ற பெயரையும் சூடிக்கொண்டார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தத் தரிசனத்தைவிட அவர் பார்த்த உத்தியோகம்தான் முக்கியமாகப் படுகிறது. அப்போது செனகலின் டாக்கர் நகரில் பிரெஞ்சுக் காலனி நிர்வாகத்தில் அவர் குமாஸ்தா. பதிவதும் படியெடுப்பதும் தேதி போடுவதும்தானே குமாஸ்தா வேலை? அந்தப் புத்தி அவரைக் கடைசிவரை விடவில்லை.

முதலில் அவர் கை வைத்தது எழுத்தில். ஐவரி கோஸ்டில் வாழும் தன் பேத்தே இன மக்களின் மொழிக்கென்று ஓர் எழுத்துமுறையைத் தாமே உருவாக்கினார். நம் உயிர்மெய் போல ஓர் அசைக்கு ஒரு குறி. மொத்தம் 440-க்கும் மேல். ஒவ்வொரு குறியும் ஒரு குட்டிப் படம். பேகோரா என்ற ஊர்க் கற்களில் இருந்த கோலங்களைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. 1958-இல் பிரெஞ்சு அறிஞர் தியோடோர் மொனோ அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்.

அப்புறம் 1970-களில் ஓவியம் சூடுபிடித்தது. கான்வாஸ் இல்லை, தூரிகை இல்லை. பால்பாயின்ட் பேனா, கலர் பென்சில், போஸ்ட் கார்டு அளவில் ஓர் அட்டை, அவ்வளவுதான். அட்டையும் பல நேரம் தலைமுடிப் பொருள்கள் வந்த பெட்டியில் வெட்டியெடுத்தது. நடுவில் படம்: ஒரு முகம், ஒரு மேகம், ஆரஞ்சுத் தோலில் விழுந்த கறை. சுற்றிலும் பார்டர் கட்டி, அந்தப் பார்டருக்குள்ளேயே பிரெஞ்சுப் பெரிய எழுத்துகளில் 'இன்ன பழத்தோலில் காணப்பட்ட குறி' என்கிற தோரணையில் விவரம் எழுதிவிடுவார். தேதியும் போடுவார். பழத்தோலுக்குப் போய் யார் ஐயா தேதி போடுவார்கள்? ஆபீஸில் உட்கார்ந்து பழகிய கைதான் போடும். இப்படி ஆயிரக்கணக்கான அட்டைகள்.

1989-இல் பாரிஸின் பொம்பிடு கலை மையம் நடத்திய கண்காட்சிதான் அவரை உலகம் அறியச் செய்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. கேட்க ஆளில்லாத வருஷங்களிலும் பதிவு நிற்கவில்லை. முறையான பயிற்சியில்லாமல் குழந்தை மாதிரி வரைகிற 'வெகுளி ஓவியர்' என்று இவரைச் சிலர் சொல்வதுண்டு. சரி, 440 குறிகளை வரிசைப்படுத்தி, ஒரு மொழியையே அட்டைகளில் அடக்கியவரிடம் என்ன வெகுளித்தனம் இருக்கிறது? அவர் 2014-இல் அபிஜானில் காலமானார். 2022-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தபோது, அந்த எழுத்து அட்டைகளைத்தான் முக்கியமாக வைத்தது.